ஒரே பாட்டிலில் இரண்டு கிருமி: கல்ச்சர் ரிப்போர்ட்டை ஈஎம்ஆருக்கு அனுப்பிய ஒரு நிகழ்வு ஆய்வு

வயிற்று அறுவை சிகிச்சை முடிந்து ஐசியூவில் இருந்த ஒரு நோயாளிக்குக் காய்ச்சல் விடவில்லை. ரத்தத்தில் கிருமி வளர்கிறதா என்று பார்க்கும் ரத்தக் கல்ச்சர் சோதனைக்கு அனுப்பியிருந்தார்கள். அதன் முடிவு மின்னணு மருத்துவப் பதிவில், அதாவது ஈஎம்ஆரில், வந்தபோது டியூட்டி டாக்டர் பார்த்த திரை இது:

அமிகாசின் – எஸ்
அமிகாசின் – ஆர்
சிப்ரோஃப்ளாக்சசின் – ஆர்
சிப்ரோஃப்ளாக்சசின் – ஆர்
மெரோபெனம் – எஸ்
மெரோபெனம் – ஆர்

இவற்றுக்கு மேலே தனியாக இரண்டு பெயர்கள்: இ. கோலை, கிளெப்சியெல்லா நிமோனியே. எஸ் என்றால் மருந்து கேட்கும், ஆர் என்றால் கேட்காது. இந்த நோயாளிக்கு மெரோபெனம் கேட்குமா, கேட்காதா? திரையைப் பார்த்து யாராலும் சொல்ல முடியாது.

டாக்டர் நல்லவேளையாக லேபுக்குப் போன் செய்தார். "மேடம், மெரோபெனம் ரெண்டு தடவை வந்திருக்கு. எதை எடுத்துக்கிறது?" நுண்ணுயிரியல் மருத்துவர் உடனே சொன்னார்: "இ. கோலைக்குக் கேட்கும். கிளெப்சியெல்லாவுக்குக் கேட்காது. ரெண்டும் ஒரே பாட்டில்ல வளர்ந்திருக்கு. நான் உங்க கன்சல்டன்ட்கிட்ட காலையிலேயே பேசிட்டேன்." மருந்து சரியானதாகவே போய்க்கொண்டிருந்தது. நோயாளிக்குத் தீங்கு எதுவும் நேரவில்லை.

ஆனால் அந்தப் போன் வந்திருக்காவிட்டால் என்ன ஆகியிருக்கும் என்ற கேள்வி எங்கள் எல்லோரையும் உலுக்கியது. தமிழகத்தின் மேற்கு மாவட்டம் ஒன்றில் உள்ள தனியார் மருத்துவமனை அது. லேப் மென்பொருளையும் ஈஎம்ஆரையும் இணைக்கும் வேலையில் நானும் இருந்தேன். அந்தத் திரையில் தொடங்கிய தேடல், கல்ச்சர் ரிப்போர்ட் போகிற வழியில் இருந்த வேறு சில பிழைகளையும் வெளியே கொண்டுவந்தது. இதேபோன்ற இணைப்பு வேலையில் இறங்கப் போகிறவர்களுக்குப் பயன்படட்டும் என்றுதான் விரிவாக எழுதுகிறேன்.

சோடியம் வேறு, கல்ச்சர் வேறு

ரத்தத்தில் சோடியம் பார்க்கச் சொன்னால் பதில் ஒரே வரி. ஒரு பெயர், ஒரு எண், ஓர் அலகு, இயல்பு அளவு. காலையில் சாம்பிள் போனால் மதியத்துக்குள் கதை முடிந்தது. பெரும்பாலான ஈஎம்ஆர்கள் இந்த வடிவத்தை மனதில் வைத்துத்தான் கட்டப்பட்டிருக்கின்றன: நோயாளி, அவருக்கு ஒரு ஆர்டர், அந்த ஆர்டருக்குச் சில முடிவுகள். அவ்வளவுதான்.

கல்ச்சர் இந்தச் சட்டத்துக்குள் அடங்காது. ரத்தப் பாட்டில் இன்குபேட்டரில் வழக்கமாக ஐந்து நாள் வரை இருக்கும். நடுவில் வளர்ச்சி தெரிந்தால் கருவி சத்தம் எழுப்பும். உடனே பாட்டிலிலிருந்து ஒரு துளி எடுத்து கிராம் ஸ்டெயின் என்ற சாயம் போட்டு மைக்ரோஸ்கோப்பில் பார்த்து, "கிராம் நெகட்டிவ் பேசில்லை தெரிகிறது" என்று கிருமியின் பொது வகையை மட்டும் வார்டுக்குப் போனில் சொல்வார்கள். அது முதல் ரிப்போர்ட். மறுநாள் கல்ச்சர் தட்டில் கிருமிக் கூட்டமான காலனி வந்ததும் கிருமியின் பெயர் தெரியும். அது இரண்டாவது. அதற்கடுத்த நாள் எந்த மருந்து கேட்கும் என்ற சென்சிட்டிவிட்டி வரும். அது மூன்றாவது. எத்தனை கிருமி வளரும் என்று ஆர்டர் போடும்போது யாருக்கும் தெரியாது. எந்தெந்த மருந்துகளைச் சோதிப்பது என்பதும் கிருமி எது என்று தெரிந்த பிறகுதான் முடிவாகும். காசநோய்க் கல்ச்சர் என்றால் வளர்ச்சி இல்லை என்று சொல்லவே ஆறு முதல் எட்டு வாரம் வரை காத்திருக்க வேண்டும்.

இதனால்தான் நிறைய இடங்களில் எல்லா லேப் முடிவுகளும் எண்ணாகப் போகும்போது, நுண்ணுயிரியல் மட்டும் பிடிஎஃப்பாகப் போகிறது. இந்த மருத்துவமனையிலும் முதலில் அப்படித்தான் இருந்தது. பிடிஎஃப் மனிதக் கண்ணுக்குப் போதும். தாளில் எப்படி இருந்ததோ அப்படியே தெரியும், அதனால் கலக்கவும் கலக்காது. ஆனால் கணினிக்கு அது வெறும் படம். "இந்த நோயாளிக்குப் போன அட்மிஷனில் என்ன வளர்ந்தது?" என்று கேட்டால் ஈஎம்ஆரால் பதில் சொல்ல முடியாது. மருந்து எழுதும்போது "இது கேட்காத மருந்து" என்று எச்சரிக்கவும் முடியாது. தொற்றுக் கட்டுப்பாட்டு சிஸ்டர் ஒவ்வொரு பிடிஎஃப்பையும் திறந்து எக்செல்லில் தட்டச்சு செய்துகொண்டிருந்தார். லேபில் ஒரு டெக்னீஷியன் அதே விவரத்தை ஹூநெட்டில் மறுபடியும் ஏற்றிக்கொண்டிருந்தார். உலக சுகாதார நிறுவனத்தின் கூட்டு மையமாக இயங்கும் பாஸ்டன் நகர மருத்துவமனை ஒன்றில் உருவான இலவச மென்பொருள் ஹூநெட். மருந்து எதிர்ப்புக் கணக்கெடுப்புக்கு உலகம் முழுக்கப் பயன்படுகிறது. அதனுடன் வரும் பேக்லிங்க் என்ற கருவி, லேப் மென்பொருளிலிருந்து விவரத்தை நேரடியாக இழுத்துக்கொள்ளும். ஆனால் இழுப்பதற்கு விவரம் கட்டமைப்போடு இருக்க வேண்டுமே!

ஆக, பிடிஎஃப்பை விட்டு வெளியே வர வேண்டும் என்ற முடிவு சரியானதுதான். வந்த விதத்தில்தான் சிக்கல்.

மெசேஜில் இருந்தது, திரையில் இல்லை

லேப் மென்பொருளிலிருந்து ஈஎம்ஆருக்கு விவரம் எச்எல்7 இரண்டாம் பதிப்பு மெசேஜாகப் போகிறது. எச்எல்7 அமைப்பு 1987-இல் தொடங்கியது. இந்த மெசேஜ் வடிவம் பழையதுதான், ஆனால் மருத்துவமனைகள் இன்றும் பெருமளவு இதன்மேல்தான் ஓடுகின்றன. வரி வரியான எளிய எழுத்துதான். ஓபிஆர் என்று தொடங்கும் வரி ஒரு டெஸ்ட்டின் தலைப்பு. அதன் கீழ் வரும் ஒவ்வொரு ஓபிஎக்ஸ் வரியும் ஒரு முடிவு.

அந்த நோயாளியின் மெசேஜை அப்படியே திறந்து பார்த்தோம். லேப் பக்கம் எந்தக் குறையும் இல்லை. முதல் ஓபிஆர் ரத்தக் கல்ச்சர். அதன் கீழ் இரண்டு ஓபிஎக்ஸ், இரண்டு கிருமிகள். இரண்டுக்கும் டெஸ்ட் குறியீடு ஒன்றேதான்: டெஸ்ட்டுகளுக்கான உலகப் பொதுக் குறியீட்டு முறையான லாயிங்க்கில் 600-7. அவற்றைப் பிரித்துக் காட்டுவது ஓபிஎக்ஸின் நான்காவது ஃபீல்டு மட்டுமே: இ. கோலைக்கு 1, கிளெப்சியெல்லாவுக்கு 2. அடுத்து சென்சிட்டிவிட்டிக்கு இரண்டு ஓபிஆர்கள் தனித்தனியாக வந்திருந்தன. ஒவ்வொன்றிலும் 26-வது ஃபீல்டில் "என் தாய் எது" என்று எழுதியிருந்தது. ஒன்றில் 600-7, துணை எண் 1, இ. கோலை. மற்றதில் 600-7, துணை எண் 2, கிளெப்சியெல்லா. 29-வது ஃபீல்டில் தாய் ஆர்டரின் எண்ணும் இருந்தது.

ஈஎம்ஆர் இந்த 26, 29 இரண்டையும் படிக்கவே இல்லை. துணை எண்ணையும் தூக்கிப் போட்டுவிட்டது. ஒரே சாம்பிள் எண்ணில் வந்த எல்லா ஓபிஎக்ஸ் வரிகளையும் ஒரே குவியலாக்கி, மருந்தின் பெயரை அகர வரிசையில் அடுக்கிவிட்டது. இரண்டு வீட்டு ரேஷன் கார்டுகளைக் கலைத்து, பெயர்களை அகர வரிசையில் எழுதி வைத்தால் எந்தப் பிள்ளை எந்த வீட்டுப் பிள்ளை என்று எப்படித் தெரியும்?

இணைப்பைச் சோதித்தபோது இது ஏன் சிக்கவில்லை? சோதனைக்குக் கொடுத்த மாதிரி மெசேஜ்கள் எல்லாவற்றிலும் ஒரே ஒரு கிருமிதான் இருந்தது. ஒரு கிருமி என்றால் இந்தக் குறை வெளியே தெரியவே தெரியாது. திரை அழகாக இருக்கும்.

உடனே செய்தது, சென்சிட்டிவிட்டியைக் கட்டமைப்போடு அனுப்புவதை நிறுத்திவிட்டுப் பிடிஎஃப்புக்குத் திரும்பியது. பின்வாங்குவது போலத் தோன்றினாலும் அதுதான் சரி. கலந்துபோன ரிப்போர்ட்டைவிடப் படமாக இருக்கும் ரிப்போர்ட் ஆயிரம் மடங்கு பாதுகாப்பானது.

நிரந்தரத் தீர்வுக்கு இரண்டு யோசனைகள் வந்தன. ஒன்று, லேபுக்கும் ஈஎம்ஆருக்கும் நடுவில் மெசேஜ்களைக் கடத்தும் மென்பொருளான இன்டர்ஃபேஸ் என்ஜினிலேயே மருந்துப் பெயருக்கு முன்னால் கிருமி எண்ணை ஒட்டிவிடுவது: "1-மெரோபெனம்", "2-மெரோபெனம்". ஒரே நாளில் முடிந்துவிடும் வேலை. டாக்டருக்குப் புரியும். ஆனால் கணினியைப் பொறுத்தவரை இவை இரண்டு வெவ்வேறு டெஸ்ட்டுகள் ஆகிவிடும். நாளைக்கு "மெரோபெனம் கேட்காத கிளெப்சியெல்லா எத்தனை?" என்று தேடினால் பதில் கிடைக்காது. கட்டமைப்போடு அனுப்புவதன் பயனே போய்விடும். இரண்டாவது யோசனை, ஈஎம்ஆரின் தரவுத்தளத்தில் ஆர்டருக்கும் மருந்துக்கும் நடுவே ஒரு புது அடுக்கைக் கொண்டுவருவது: சாம்பிள், அதன் கீழ் ஐசொலேட், அதன் கீழ் மருந்து. நுண்ணுயிரியலில் ஒவ்வொரு கிருமியும் ஓர் ஐசொலேட். முடிவு டெஸ்ட்டுக்குச் சொந்தமில்லை, ஐசொலேட்டுக்குச் சொந்தம். இது ஈஎம்ஆர் நிறுவனம் செய்ய வேண்டிய பெரிய வேலை. நாள் பிடிக்கும், செலவும் ஆகும். மருத்துவமனை நிர்வாகம் இரண்டாவதைத் தேர்ந்தெடுத்தது. நுண்ணுயிரியல் மருத்துவர் விடாப்பிடியாக நின்றதுதான் காரணம். "பேருக்கு முன்னாடி நம்பர் ஒட்டுறதுக்கு நான் கையெழுத்து போட மாட்டேன்" என்று கூட்டத்திலேயே சொல்லிவிட்டார்.

"வளர்ச்சி இல்லை" என்று சொன்ன பிறகு வளர்ந்தால்

இரண்டாவது பிழை என் பார்வையில் முதலாவதைவிட ஆபத்தானது. ஏனென்றால் திரையில் முரண்பாடு எதுவும் தெரியாது.

48 மணி நேரம் கழிந்தும் வளர்ச்சி இல்லை என்றால் லேப் "இதுவரை வளர்ச்சி இல்லை" என்று இடைக்கால ரிப்போர்ட் அனுப்பும். ஓபிஎக்ஸின் 11-வது ஃபீல்டில் அதற்குப் பி என்ற நிலைக் குறி. இறுதி முடிவுக்கு எஃப். திருத்தத்துக்கு சி. வேறு நோயாளிக்குத் தவறிப் போய்விட்டது என்றால் டபிள்யூ. நுண்ணுயிரியலின் நாடித்துடிப்பு இந்த ஃபீல்டில்தான் இருக்கிறது.

ஈஎம்ஆரோ முதல் மெசேஜ் வந்ததுமே ஆர்டரை "முடிவு வந்தது" என்று மூடிவிட்டது. மூன்றாம் நாள் வளர்ச்சி தெரிந்து லேப் அடுத்த மெசேஜை அனுப்பினால், மூடிய ஆர்டருக்கு வந்த இரட்டை மெசேஜ் என்று அதைப் பிழை வரிசையில் தள்ளிவிட்டது. அந்த வரிசையைத் தினமும் பார்க்க யாரும் நியமிக்கப்படவில்லை. திரையில் "வளர்ச்சி இல்லை" என்றே இருக்கும். பாட்டிலில் கிருமி இருக்கும்.

பழைய வரிசையைத் தோண்டியபோது இப்படித் தேங்கிய மெசேஜ்கள் இருந்தன. அவற்றை ஒவ்வொன்றாக எடுத்து, லேபின் போன் பதிவேட்டோடு ஒப்பிட்டார்கள். பாசிட்டிவ் ரத்தக் கல்ச்சருக்கு லேப் கட்டாயம் போன் செய்துவிடும் என்ற பழக்கம்தான் எல்லோரையும் காப்பாற்றியிருந்தது. ஈஎம்ஆர் வந்துவிட்டதே, இனி போன் எதற்கு என்று சில இடங்களில் பேசுகிறார்கள். தயவுசெய்து அந்தப் பழக்கத்தைக் கைவிடாதீர்கள்.

சரிசெய்த விதம் இது. கல்ச்சர் ஆர்டர் இறுதி நிலை வரும்வரை மூடாது. ஒவ்வொரு மெசேஜும் அந்த நேரத்து முழு நிலவரத்தையும் சுமந்து வரும். புதியது வந்ததும் பழையது திரையிலிருந்து விலகி வரலாற்றுக்குப் போகும், ஆனால் அழியாது. அதற்கு முன் இருந்த அமைப்பில் "கிராம் நெகட்டிவ் பேசில்லை", "இ. கோலை" இரண்டும் அடுத்தடுத்த வரிகளாக நின்று, இரண்டு கிருமிகள் போலத் தோன்றின. சி என்ற திருத்தக் குறியோடு வரும் மெசேஜுக்கு மட்டும் தனி நடைமுறை: ஆர்டர் போட்ட டாக்டர் அதைப் பார்த்ததாக ஒப்புக்கொள்ளும்வரை அது அவர் பணிப்பட்டியலை விட்டுப் போகாது. பிழை வரிசைக்கும் இப்போது ஒரு பொறுப்பாளர் இருக்கிறார், ஷிஃப்டுக்கு ஒருவர்.

குறைவு–சமம் குறி காணாமல் போன கதை

சென்சிட்டிவிட்டியில் எஸ், ஆர், இரண்டுக்கும் இடைப்பட்ட ஐ என்ற எழுத்துகளோடு எம்ஐசி என்ற எண்ணும் வரும். கிருமியின் வளர்ச்சியைத் தடுக்கத் தேவைப்படும் மிகக் குறைந்த மருந்துச் செறிவு அது. விட்டெக் போன்ற கருவிகள் அதைப் பெரும்பாலும் "≤0.25", "≥16" என்று குறியோடுதான் தரும். மருந்துகளைக் குறிப்பிட்ட செறிவுகளில் நிரப்பிய கார்டை வைத்துத்தான் கருவி சோதிக்கிறது; அந்தக் கார்டில் உள்ள செறிவுகளுக்குக் கீழேயோ மேலேயோ உண்மையான அளவு எங்கே இருக்கிறது என்று அதற்குத் தெரியாது.

ஈஎம்ஆரின் முடிவு நிரலில் எண்ணுக்கு மட்டுமே இடம். அதனால் குறி வெட்டப்பட்டு எண் மட்டும் உள்ளே போனது. இதில் என்ன பெரிய விஷயம் என்று முதலில் சிலர் கேட்டார்கள். சிப்ரோஃப்ளாக்சசினை எடுத்துக்கொள்வோம். குடல்வாழ் கிருமிக் குடும்பத்துக்கான அதன் எல்லை அளவுகளை அமெரிக்கத் தர அமைப்பான சிஎல்எஸ்ஐ 2019-இல் இறுக்கியது. அதற்கு முன் 1 வரை எஸ். அதன்பின் 0.25 வரைதான் எஸ், 0.5 என்றால் ஐ, 1 முதல் ஆர். கார்டில் மிகக் குறைந்த செறிவே 0.5 என்று வைத்துக்கொண்டால், "≤0.5" என்ற முடிவு எஸ்ஸாகவும் இருக்கலாம், ஐ ஆகவும் இருக்கலாம். குறியை வெட்டிவிட்டால் அது உறுதியான 0.5 ஆகி, ஐ என்று கணக்கில் ஏறிவிடும். இல்லாத துல்லியத்தை நாமே உண்டாக்கிவிடுகிறோம். எச்எல்7-இல் இதற்கென்றே எஸ்என் என்ற தரவு வகை இருக்கிறது. ஒப்பீட்டுக் குறிக்கு ஒரு இடம், எண்ணுக்கு ஒரு இடம். அதைப் பயன்படுத்தினால் போதும்.

எந்தத் தரத்தின்படி எஸ் என்றோம் என்பதும் மெசேஜில் போக வேண்டும். இ. கோலைக்கு மெரோபெனம் எம்ஐசி 2 என்றால் சிஎல்எஸ்ஐ கணக்கில் அது ஐ. ஐரோப்பிய அமைப்பான யூகாஸ்ட் கணக்கில் அது எஸ். கிருமியும் எண்ணும் மாறவில்லை, எழுத்து மாறிவிட்டது. ஐ என்ற எழுத்தின் பொருளைக்கூட யூகாஸ்ட் 2019-இல் மாற்றிவிட்டது. இப்போது அங்கே அதற்கு "கூடுதல் அளவில் கொடுத்தால் கேட்கும்" என்று பொருள். எனவே எழுத்தை மட்டும் சேமிக்கும் ஈஎம்ஆர், சில வருடங்களில் தன் பழைய முடிவுகளைத் தானே புரிந்துகொள்ள முடியாமல் நிற்கும். எம்ஐசி, எழுத்து, தரத்தின் பெயர், அதன் ஆண்டு நான்கும் சேர்ந்தே போகட்டும்.

மறைக்கப்பட்ட மருந்துகளும் இடம் மாறிய குறிப்பும்

லேப் சோதிக்கும் எல்லா மருந்தையும் வார்டுக்குச் சொல்வதில்லை. எளிய மருந்து கேட்கும்போது கடைசி ஆயுதமான மருந்தின் பெயரைக் காட்டினால் கை அதை நோக்கிப் போய்விடும். அதனால் வேண்டுமென்றே மறைப்பார்கள். தாள் ரிப்போர்ட்டில் இது எளிது. கட்டமைப்போடு அனுப்பும்போது கேள்வி வருகிறது: மறைத்ததை அனுப்பாமல் விட்டால் தொற்றுக் கட்டுப்பாட்டுக் குழுவுக்கும் அது கிடைக்காது, எதிர்ப்புக் கணக்கும் கோணலாகும். அனுப்பினால் வார்டு பார்த்துவிடும்.

எச்எல்7-ஐ எழுதியவர்கள் இதை அன்றே யோசித்திருக்கிறார்கள். ஓபிஎக்ஸின் 13-வது ஃபீல்டு யார் பார்க்கலாம் என்பதற்கானது. அதன் விளக்கத்தில் அவர்கள் கொடுத்திருக்கும் உதாரணமே ஆன்டிபயாட்டிக் சென்சிட்டிவிட்டிதான். இப்போது எல்லா மருந்தும் போகிறது. மறைக்க வேண்டியவற்றில் குறி இருக்கும். தொற்றுநோய் மருத்துவரும் தொற்றுக் கட்டுப்பாட்டுக் குழுவும் மட்டும் அவற்றைப் பார்க்கலாம்.

குறிப்புகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. "இது தோலிலிருந்து கலந்த கிருமியாக இருக்க வாய்ப்பு, மறு சாம்பிள் அனுப்பவும்" என்று லேப் எழுதும் வரி என்டிஇ என்ற பகுதியாக அந்தந்தக் கிருமியின் ஓபிஎக்ஸுக்குக் கீழேயே வரும். ஈஎம்ஆர் எல்லாக் குறிப்புகளையும் திரட்டி அடியில் கொட்டிக்கொண்டிருந்தது. எந்தக் கிருமியைப் பற்றிய குறிப்பு என்று தெரியாமல் போனது. ஐசொலேட் அடுக்கு வந்ததும் இதுவும் சரியாகிவிட்டது.

குறியீடு போடும் வேலை

டெஸ்ட்டுக்கு லாயிங்க், கிருமிக்கு மருத்துவச் சொற்களுக்கான குறியீட்டு முறையான ஸ்னோமெட் சிடி. இந்திய அரசின் 2016 மின்னணு சுகாதாரப் பதிவுத் தரங்கள் இரண்டையுமே சொல்கின்றன. ஸ்னோமெட்டில் இந்தியா உறுப்பு நாடு என்பதால் இங்கே கட்டணமும் இல்லை. இது மென்பொருள் ஆள் தனியாக உட்கார்ந்து செய்யும் வேலை இல்லை. லேப் அகராதியில் இ. கோலை மட்டுமே பல எழுத்துக்கூட்டலில் இருந்தது. அவற்றை ஒன்றாக்குவது எளிது. ஆனால் எதை ஒன்றாக்கக் கூடாது என்று நுண்ணுயிரியல் தெரிந்தவர்தான் சொல்ல முடியும். என்டரோபாக்டர் ஏரோஜெனெஸ் 2017-இல் கிளெப்சியெல்லா ஏரோஜெனெஸ் ஆனது. இது தெரியாதவர் இரண்டையும் வெவ்வேறு கிருமியாகவே வைத்திருப்பார். ரத்தக் கல்ச்சருக்கு 600-7, சிறுநீர்க் கல்ச்சருக்கு 630-4 என்று சாம்பிளைப் பொறுத்துக் குறியீடு மாறும். சீழ், திசு, வடிகுழாய் திரவம் என்று போகும்போது பொதுக் குறியீட்டோடு சாம்பிள் வகையை, மெசேஜில் சாம்பிள் விவரத்துக்கான எஸ்பிஎம் பகுதியில் துல்லியமாகச் சொல்வதே நடைமுறைக்கு ஏற்றது.

திரைவரை லேபின் பொறுப்பு

மறு சோதனையில் நுண்ணுயிரியல் மருத்துவரே வார்டு கணினியில் உட்கார்ந்தார். ஒரு பக்கம் லேப் திரை, மறுபக்கம் ஈஎம்ஆர் திரை. இரண்டு கிருமி, மூன்று கிருமி, வளர்ச்சி இல்லை என்ற பிறகு வளர்ச்சி, கிருமிப் பெயர் திருத்தம், தவறான நோயாளிக்குப் போய்த் திரும்ப எடுத்தது, பூஞ்சை, காசநோய். ஒவ்வொன்றையும் வரிக்கு வரி ஒப்பிட்டார். மருத்துவ லேப்களுக்கான ஐஎஸ்ஓ 15189 தரம் இதைத்தான் கேட்கிறது. முடிவுகளும் குறிப்புகளும் வெளியே உள்ள கணினி அமைப்புகளில் சரியாகத் தெரிகின்றனவா என்று சரிபார்ப்பதை 2012 பதிப்பு லேபின் கடமையாகவே வைத்திருந்தது. "அனுப்பிவிட்டோம், இனி ஈஎம்ஆர் பாடு" என்று லேப் ஒதுங்க முடியாது.

எக்செல் தட்டச்சு நின்றுவிட்டது. ஹூநெட்டுக்கு விவரம் தானாகப் போகிறது. சிஎல்எஸ்ஐ எம்39 வழிகாட்டி சொல்கிறபடி ஒரு நோயாளிக்கு, ஒரு கிருமி வகைக்கு முதல் ஐசொலேட்டை மட்டும் எடுத்து எந்தக் கிருமிக்கு எந்த மருந்து எவ்வளவு கேட்கிறது என்ற மருத்துவமனையின் தொகுப்பு அட்டவணையை, அதாவது ஆன்டிபயோகிராமை, தயாரிக்கிறார்கள். இதற்கு முன் ஒரே நோயாளியின் கிளெப்சியெல்லா பலமுறை எண்ணப்பட்டு, எதிர்ப்பு உள்ளதைவிட அதிகமாகத் தெரிந்துகொண்டிருந்தது.

எச்எல்7-இன் அடுத்த தலைமுறை வடிவமான ஃபையரும் பக்கத்தில் வந்துவிட்டது. ஆயுஷ்மான் பாரத் டிஜிட்டல் மிஷன் அதன் மேல்தான் கட்டப்பட்டிருக்கிறது. அதில் கல்ச்சர் அப்சர்வேஷன் என்ற ஒரு தனிப் பதிவு, கிருமி ஓர் அப்சர்வேஷன், ஒவ்வொரு மருந்தும் ஓர் அப்சர்வேஷன். ஒன்றை இன்னொன்றின் உறுப்பு என்று சுட்டிக்காட்ட வேண்டும். தாய்–சேய் உறவு அங்கேயும் அதேதான். பிடிஎஃப்பை இணைத்து அனுப்பவும் அதில் இடம் உண்டு என்பதால், பலர் அந்த எளிய வழியோடு நின்றுவிடுவார்களோ என்ற கவலை எனக்கு இருக்கிறது.

இப்போது மேசையில் இருப்பது வேறொரு சிக்கல். பாசிட்டிவ் பாட்டிலிலிருந்து நேரடியாகச் செய்யும் பிசிஆர் பேனல் என்ற மரபணுச் சோதனை, கிருமி தட்டில் வளர்வதற்கு முன்பே என்டிஎம் போன்ற எதிர்ப்பு மரபணு இருக்கிறது என்று சொல்லிவிடுகிறது. அந்த நேரத்தில் ஐசொலேட்டே பதிவில் இல்லை. பாட்டிலில் இரண்டு கிருமி இருந்தால் மரபணு யாருடையது என்று அந்தப் பேனலாலும் உறுதியாகச் சொல்ல முடியாது. இப்போதைக்கு அதைச் சாம்பிளோடு மட்டும் இணைத்து, எந்த ஐசொலேட்டோடும் இணைக்காமல் விட்டிருக்கிறோம். சென்சிட்டிவிட்டி வந்த பிறகு நுண்ணுயிரியல் மருத்துவர் கையால் இணைக்கலாமா, அப்படி இணைத்தால் அதை எந்த நிலைக் குறியோடு மறுபடி அனுப்புவது என்று ஈஎம்ஆர் நிறுவனத்தோடு பேச்சு நடந்துகொண்டிருக்கிறது.